இரண்டு கைப்பிடிப் பெட்டி

பரசுராமன் வீட்டில் பீரோ கிடையாது. பீரோ நிற்க வேண்டிய இடத்தில் கிடாருக்கான ஸ்பீக்கர் பெட்டி நின்றது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, ஒரு அறை, ஒரு அடுப்படி, காற்று வாங்க ஒரு முழம் பால்கனி. இதற்குள் இடுப்புயரப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த கெங்கம்மாவைத் தவிர வேறொருத்தியால் முடிந்திருக்காது. பெட்டியின் மேல் டி.வி., டி.வி.யின் மேல் மடித்த துணி, அதற்கும் மேலே சுவரில் புத்தர் படம். புதிதாக வருகிறவர்கள், "இன்னாம்மா இது, கறுப்பா?" என்று கேட்டால், "எங்க மாமியாரு. நவுரவும் நவுராது, பேச ஆரம்பிச்சா நிறுத்தவும் நிறுத்தாது" என்பாள்.

பெட்டியைப் பரசுராமனே செய்தான். ஹார்பரில் மிஷின் இறங்கிய மரக்கூட்டின் பிளைவுட்டை வாங்கி வந்து, அறுத்து, இழைத்து, பசை போட்டு, உள்ளே இரண்டு பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கரைப் பொருத்தினான். ஆட்டோ சீட் தைக்கிற கடையில் வாங்கிய கறுப்பு ரெக்ஸினை மேலே ஒட்டினான். இரண்டு பக்கமும் டிரங்குப் பெட்டிக் கைப்பிடி. கல்யாணமான வருஷம் செய்தது. இரண்டு கைப்பிடி வைத்ததற்கு என்ன அர்த்தம் என்பது முதல் கச்சேரிக்குக் கிளம்பும்போதுதான் கெங்கம்மாவுக்குப் புரிந்தது. "அந்தப் பக்கம் புடி" என்றான்.

வாரத்தில் ஆறு நாள் அவன் திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயவேல் நடத்தும் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தான். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, ஏப்ரல் பதினாலு விழா என்று எது வந்தாலும் பெட்டி இறங்கியாக வேண்டும். அவன் கீழ்ப்படி, அவள் மேல்படி. ஆறு மடிப்புப் படிக்கட்டு. தரையில் வைக்கும்போது அவன் "வுடு" என்பான். அந்தச் சொல் வராமல் கையை எடுக்கக் கூடாது. கெங்கம்மா வேலை பார்க்கிற சத்துணவுக் கூடத்திலும் அதேதான் சட்டம். அடுப்பிலிருந்து சோற்று அண்டாவை இரண்டு பேர் இறக்கும்போது ஒருத்தி "வுடு" என்று சொல்லாமல் மற்றவள் விட்டால் கால் வெந்துபோகும். பதினோரு வருஷம் அவள் அந்தச் சட்டத்தை மீறவில்லை.

சுனாமிக்கு முந்தின வருஷம், பங்குனி மாதம் மீறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டி சுவரோடு உரசி, அவளுடைய மூன்று விரல்கள் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கின. உயிர் போகிற வலியில் கையை உருவிவிட்டாள். பெட்டி முழுசும் அவன் மேல் இறங்கியது. வேறொருத்தனாக இருந்தால் விலகி நின்று பெட்டியை உருளவிட்டிருப்பான். இவன் இடுப்பை முட்டுக் கொடுத்துத் தாங்கினான். பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை. இவனுக்கு முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது கெங்கம்மா, "கால் தவறிட்சி சார்" என்றாள். யாருடைய கால் என்று அவர் கேட்கவில்லை. இருபத்தியோரு நாள் படுக்கை, அப்புறம் பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை, வெயிட் தூக்கவே கூடாது என்ற உத்தரவு. அதிலிருந்து நாலு மாசமாகக் கிடார் உறைக்குள் கிடந்தது. கெங்கம்மா டி.வி.யைத் துடைப்பாள், பெட்டியைத் துடைக்க மாட்டாள்.

ஆடி பிறந்ததும் ஜெயவேல் வந்தான். குழுவின் தலைவன், கீபோர்டும் அவன்தான். ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

"மாமு, வர்ற ஞாயித்துக்கெய்ம திர்வெத்தியூர் குப்பத்துல அம்மன் திருவிழா. நீ வர்ற."

"பொட்டிய யாரு தூக்கறது? நீயா?"

"பொட்டியே வேணாம் மாமு. மைக்செட்டு பாய் புச்சா ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் எறக்கிக்கீறாரு. பாட்டு, கீபோர்டு, தபலா எல்லாம் அதுலதான். கிடாரையும் அதுலயே சொருவிடலாம். காலுக்குக் கீழ போட்டு மிதிக்கறதுக்கு ஒரு மிஷின் வாங்கிக்கீறேன், டிபன் பாக்ஸ் சைஸு. நீ கிடாரை மாட்டிகினு பஸ்ஸுல வா, போதும்."

"அது சரிப்படாது ஜெயவேலு."

"சரிப்படலன்னா..." ஜெயவேல் கெங்கம்மா கொடுத்த டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாலு மாசமா கிடார் பிட்ட நான் கீபோர்டுலயே அமுக்கினு கீறேன். ஜனம் ஒண்ணும் கேக்கல. கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்துடு மாமு, அவ்ளோதான் சொல்வேன்."

அவன் கெட்டவன் இல்லை. உள்ளதைச் சொன்னான். இந்தத் தடவை விட்டால் அந்த இடத்தில் கீபோர்டு நிரந்தரமாக உட்கார்ந்துவிடும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. கெங்கம்மாவுக்குள் வேறொரு நினைப்பும் ஓடியது. டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு மிஷின் இருக்குமானால் இந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டே போகும். அவள் விட்ட கைப்பிடியைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"போய்தான் பாரேன்யா" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் புருஷனும் பெண்டாட்டியும் ராயபுரம் போனார்கள். அலி அக்பர் பாயின் குடோன் ரயில்வே கேட் பக்கம், தரைத்தளம். உள்ளே ஒயர் சுருள்களும் மைக் ஸ்டாண்டுகளும், ஓரத்தில் ஆளுயரத்துக்குப் புது ஸ்பீக்கர்களும் நின்றன. பாய் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒயரைச் சொருகினார். பரசுராமனுக்கு நாற்காலி போட்டார். முன்னாலேயே வந்திருந்த ஜெயவேல் தன் மிஷினை அவன் காலடியில் வைத்தான்.

முதலில் மிஷினை மிதிக்காமல், பரசுராமன் கம்பிகளைச் சேர்த்து ஒரு முறை தடவினான். கெங்கம்மாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, கழுவி வைத்த டம்ளர் மாதிரி பளிச்சென்று கேட்டது. குடோனின் எந்த மூலையில் நின்றாலும் ஒரே மாதிரி கேட்டது. பெட்டியில் அப்படிக் கேட்காது. எதிரே நிற்பவனுக்குக் காதைக் கிழிக்கும், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் இருக்காது. பரசுராமன் முகமும் கொஞ்சம் தெளிந்தது.

அப்புறம் மிஷினை மிதித்தான். பாட்டின் நடுவே கிடார் தனித்து லீடு வாசிக்கிற அந்தக் கனத்த, கரகரத்த சத்தத்துக்காக மிதித்தான். வந்தது வேறு. தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்துப் போகிற சத்தம். ஜெயவேல் ஓடிவந்து மிஷினில் எதையோ திருப்பினான். சத்தம் போர்வைக்குள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி திருப்பினான், தகரம் வந்தது. பரசுராமன் கையை எடுத்துவிட்டான்.

"அப்பிடித்தான் கேக்கும் நைனா" என்றார் பாய். "இந்த ஸ்பீக்கர் ஒன்னியும் மறைக்காது. நீ இன்னா குடுக்கறியோ அத்தினியும் வெளிய கொட்டிடும், நல்லது கெட்டது எல்லாம். உன் பொட்டி அப்பிடி இல்ல. கீச்சுக்கீச்சுன்னு கீற மேல் சத்தத்த முழுங்கிட்டு மீதியத்தான் வெளிய வுடும். அந்த மீதிக்குப் பேர்தான் கிடாரு."

"எனக்கு நல்லாத்தான் கீது" என்றாள் கெங்கம்மா.

மூன்று ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பரசுராமன் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

பஸ் ஸ்டாப்பில் காசிமேட்டுப் பக்கமிருந்து மீன் வாடையோடு காற்று வந்தது. அவன் நிழற்குடைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். இரண்டு பஸ் வந்தது, இரண்டிலும் கூட்டம், ஏறவில்லை.

"நெஜமா சொல்லு" என்றான். "பதினோரு வருசமா என் சத்தத்தக் கேட்டுகினு கீற. நல்லாவா கீது அது?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. எவ்வளவு நேரம்தான் லாரியைப் பார்ப்பது?

"நல்லா இல்ல" என்றாள். "கலீஜா கீது. நா பொய் சொன்னேன்."

"ஏன்?"

"அந்தப் பொட்டி வூட்ட வுட்டுப் போவணும்னுதான்." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாப் என்றும் பார்க்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு உன் கால் தவறல்லய்யா. நாந்தான் கைய வுட்டுட்டேன். வெரலு செவுத்துல மாட்டிகிச்சி. நீ வுடுன்னு சொல்லல. நா வுட்டுட்டேன்."

"தெர்யும்."

"இன்னா தெர்யும்?"

"மேல புடிச்சவ வுட்டா கீழ புடிச்சவனுக்குத் தெரியாதா? வெயிட்டு மொத்தமும் எம்மேலதான வந்துச்சி?"

"அப்பறம் ஏன் டாக்டராண்ட நா கால் தவறிச்சின்னு சொன்னப்ப சும்மா கெடந்த?"

"நீ அத்தான சொன்ன. பொண்டாட்டி சொன்னத்த மாத்தி சொல்றதுக்கு எனக்கு இன்னா வேண்டுதலா?" அவன் சிரிக்கப் பார்த்தான், முதுகு இழுத்தது. "தபாரு கெங்கா. பதினோரு வருசத்துல எத்தினி வாட்டி அந்தப் பொட்டிய புடிச்சிருப்ப? மழையில, வவுத்துல புள்ளய வச்சிகினு, அது தங்காமப் போன அடுத்த மாசம்... அப்பல்லாம் புடிச்சியே. ஒரு வாட்டி வுட்டத்த எண்ணிகினு இருப்பனா நானு?"

கெங்கம்மா மூக்கை உறிஞ்சினாள். நாலு மாசமாக நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போலிருந்தது. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. செத்துப்போன அவளுடைய அப்பாவை நினைத்துக்கொண்டாள்.

"ஜெயவேலாண்ட சொல்லிடலாம்" என்றான் அவன். "கீபோர்டே வச்சிக்கட்டும். தகரத்த இழுக்கறத்துக்கு நா வரல. பொட்டிய தூக்கவும் என்னால முடியாது."

"நீ வாசிப்ப" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. பஸ் வந்தது, ஏறினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீழே அங்கம்மாவின் குரல் கேட்டது. திருவொற்றியூர்க் குப்பத்துக்காரி, மீன் வாங்கி வந்து இந்த பிளாக்குகளில் விற்பவள். தலையில் இருக்கிற அலுமினியக் கூடையைத் தனியாக இறக்க முடியாது. ஒரு ஆள் எதிரே நின்று பிடிக்க வேண்டும். எட்டு வருஷமாக அந்த ஆள் கெங்கம்மாதான். மீன் வாங்குகிற நாளும் வருவாள், வாங்காத நாளும் வருவாள். முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கூடையை வாங்கி, பதனமாகப் படியோரம் வைப்பாள். ஐஸ் தண்ணீர் முழங்கை வழியே ஜாக்கெட்டுக்குள் ஓடும். அதற்கு அங்கம்மா ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. கூறு போடும்போது நாலு காரப்பொடி மீனைக் கூடுதலாகத் தள்ளுவாள், அவ்வளவுதான்.

"இன்னாமே, மூஞ்சி இப்பிடி வீங்கிக் கெடக்குது?" என்றாள் அங்கம்மா. "அட்ச்சானா?"

"சீ, அவராவது அடிக்கறதாவது."

"நாளிக்கு எங்க குப்பத்துல கூழு ஊத்துறோம். கடலுக்குப் போவல, அதனால கூடையும் வராது. நீ வந்துடு. உன் ஊட்டுக்காரு வாசிக்கறாராமே?"

கெங்கம்மா படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, படிக்கட்டு, விரல், டிபன் பாக்ஸ் மிஷின், தகரம். அங்கம்மா சங்கரா மீனை ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டே கேட்டாள்.

"போன வருசம் அந்தப் பொட்டிய வச்சிதான வாசிச்சாரு? முன்னால குந்தினவனுக்குக் காது கீஞ்சி போச்சி. பொம்பளைங்க ஓரமா நின்னோம், எங்களுக்கு ஒரு எழவும் கேக்கல. எங்க ஊட்டுக்காரரு மட்டும் ஆகா ஆகான்னாரு. இன்னாத்துக்கு ஆகான்னாருன்னு இன்னி வரிக்கும் எனக்குத் தெரியாது." அவள் சிரித்தாள். "சரி, அந்தப் பொட்டி இன்னா வெயிட்டு கீது?"

"ஒரு மூட்டை அரிசி."

"கடலுக்குப் போற போட்டு இன்ஜின் எவ்ளோ வெயிட்டுன்னு தெர்யுமா உனக்கு?"

கெங்கம்மாவுக்குத் தெரியாது. அங்கம்மாவும் சொல்லவில்லை. நாலு காரப்பொடியைத் தள்ளினாள். கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள். கெங்கம்மா தூக்கிவிட்டாள். அங்கம்மா போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை லேசாக வந்துகொண்டிருந்த நேரம், படிக்கட்டில் தடதடவென்று சத்தம். அங்கம்மாவின் புருஷன் பொன்னுரங்கம் முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் குப்பத்து ஆட்கள் மூன்று பேர். ஒருத்தர் தோளில் நீளமான, வழவழப்பான மரத் தண்டு, இன்னொருத்தர் கையில் கயிறு.

"எங்க கீது அந்தப் பொட்டி?" என்றார் பொன்னுரங்கம்.

பரசுராமன் எழுந்திருக்கப் போனான். "குந்து நைனா" என்று தோளை அமுக்கினார். டி.வி.யை இறக்கினார்கள். பெட்டியின் இரண்டு கைப்பிடியிலும் கயிற்றைக் கோத்து, அடியில் ஒரு சுற்று கொடுத்து, தண்டை நுழைத்தார்கள். தினமும் கரையிலிருந்து படகு இன்ஜினை வீட்டுக்குத் தூக்கிப் போகிற அதே முடிச்சு, அதே தண்டு. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். தோளில் ஏறியதும் பெட்டி தொட்டில் மாதிரி ஆடியது.

"இவ்ளோதானா?" என்றார் பின்னால் நின்றவர். "இதுக்காய்யா நாலு மாசம் படுத்த?"

திருப்பம் வந்தபோது கெங்கம்மா, "செவுரு, செவுரு, வெரலு பத்தரம்" என்று கூடவே இறங்கினாள். யார் விரலும் சுவரில் படவில்லை. தண்டைப் பிடித்தவனுக்குப் பெட்டியின் பக்கத்தில் விரலே கிடையாது. பதினோரு வருஷமாக இரண்டு பேர் இரண்டு கைப்பிடியைப் பிடித்து முக்கியது, ஒரு கழி இல்லாமல்தான். அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கீழே மீன் வண்டி நின்றது. கழுவித்தான் இருந்தார்கள். ஆனாலும் அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு லேசாக ஒரு மீன் வாடை உண்டு.

குப்பத்தில் மேடை கடலைப் பார்க்காமல் கோயிலைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். சாயந்திரக் காற்று முதுகில் அடித்தது. பெட்டியை ஒரு ஐஸ் பெட்டியின் மேல் ஏற்றி வைத்தார்கள். அலி அக்பர் பாய் அதைச் சுற்றி வந்தார், ரெக்ஸினைத் தட்டினார், முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இத்த கொண்டார ஒரு வார்த்த என்னிய கேட்டியா நைனா? என் வண்டி இன்னாத்துக்கு கீது?"

"உனக்கு இன்னாத்துக்கு பாய் தொந்தரவு..." என்றான் பரசுராமன்.

"தொந்தரவாம்." பாய் ஒரு மைக் ஸ்டாண்டைக் குட்டையாக இறக்கி, பெட்டியின் ஸ்பீக்கருக்கு நாலு விரல்கடை முன்னால், நடுவிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தினார். "ஆளு பாடினா மைக் வெக்கிறோமில்ல? இதுவும் பாடட்டும். முழுங்க வேண்டியத்த உன் பொட்டி முழுங்கும். மீதிய குப்பம் முச்சூடும் கொண்டு போறது என் ஸ்பீக்கர் வேல. பொட்டி சத்தத்த மட்டும் கம்மியா வை, முன்னால குந்தறவன் காது பொழைக்கட்டும்."

இது இவ்வளவு சுலபமா என்று ஜெயவேல் தலையைச் சொறிந்தான். பெட்டியா ஸ்பீக்கரா என்று ஒரு வாரமாக அடித்துக்கொண்டவர்கள், இரண்டையும் ஒரு மைக்கால் சேர்த்துவிடலாம் என்று யோசிக்கவில்லை.

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். பரசுராமன் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தான். கெங்கம்மா பெண்கள் பக்கம், ஓரத்தில் நின்றாள். கையில் கூழ்ச் சொம்பு, ஒரு இலைத் துண்டில் கருவாட்டுக் குழம்பு. முதல் பாட்டில் அவன் விரல்கள் நாலு மாசத் துருவோடு ஓடின. இரண்டாவதில் இளகின. மூன்றாவது பாட்டின் நடுவில் ஜெயவேல் கீபோர்டிலிருந்து கையை எடுத்து, பரசுராமனைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

லீடு வந்தது. அதே சத்தம். அவர்கள் வீட்டு அறைக்குள், சுவரும் தட்டுமுட்டும் அதிர அவள் கேட்டுப் பழகிய அதே கனத்த சத்தம். இப்போது அது கோயிலுக்கும், வலை காயப் போட்ட மணலுக்கும், ஓரத்தில் நின்ற பெண்களுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்ந்தது. அங்கம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"அடிப்பாவி" என்றாள். "இதுக்குத்தான் அந்தாளு ஆகா ஆகான்னாரா!"

கெங்கம்மா மேடையில் இருக்கிறவனையும், தண்டு தூக்கின நாலு பேரையும், பாயையும், இந்த மீன்காரியையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் ஒரு நிமிஷம் விட்ட கையை இத்தனை பேர் வந்து பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். நினைத்து, கூட்டத்தில் நின்று நன்றாக அழுதாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மன் சன்னிதியில் அழுகிற பெண்ணை யார் கேட்பார்கள்?

பெட்டி அன்று மாடி ஏறவில்லை. பாய் தன் வண்டியில் ஏற்றி ராயபுரம் குடோனுக்குக் கொண்டுபோனார். இனி கச்சேரிக்கு அவருடைய ஸ்பீக்கர்களோடு அதுவும் வரும், அவற்றோடே திரும்பும். வீட்டில் டி.வி. தரையில் உட்கார்ந்திருந்தது. பெட்டி நின்ற இடத்தில் சதுரமாக, தரை புதுசாகத் தெரிந்தது. கெங்கம்மா அந்தச் சதுரத்தை ஈரத்துணியால் துடைத்தாள். அந்தப் பக்கம் அவள் துணி போனது நாலு மாசத்தில் இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழே குரல் கேட்டது. கெங்கம்மா இறங்கிப் போனாள். முழங்காலை மடக்கி, கூடையை வாங்கி, பதனமாகப் படியோரம் வைத்தாள். ஐஸ் தண்ணீர் முழங்கையில் ஓடியது.

"யக்கா" என்றாள். "ரொம்ப நன்றிக்கா."

அங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாமே, எலெக்சனுக்கு நிக்கிறியா? நன்றி கின்றின்றே? எட்டு வருசமா என் கூடைய எறக்கற. நா இன்னா தாம்பாளத்துல வச்சா நன்றி சொன்னேன்?"

விற்று முடித்து எழுந்தாள். பாதிக் கூடை இன்னும் இருந்தது. அடுத்த பிளாக்குக்குப் போக வேண்டும். தலையில் சும்மாடு வைத்துக் குனிந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கூடை அங்கம்மாவின் தலையில் ஏறியது. அவள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துக் கனத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது போல்தான் தெரிந்தது. கெங்கம்மா கையை எடுக்கவில்லை. விரல்களில் தண்ணீர் சொட்ட, குதிகாலை உயர்த்தி, கூடையின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"வுடு" என்றாள் அங்கம்மா.

அப்புறம்தான் விட்டாள்.